ஏழு நாளில் வெளுப்பிக்கும் டப்பா: எல்லையோரப் பார்லர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறை, கொல்லங்கோடு பக்கங்களிலும், செக்போஸ்டுக்கு அப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் பியூட்டி பார்லரும் பிரைடல் மேக்கப்பும் நடத்துகிற அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

தவக்காலம் கழிந்து ஈஸ்டர் முடிந்தால் கோயில்களில் ஓலை வாசிப்பு, அதாவது கல்யாண அறிவிப்பு, தொடங்கிவிடும். ஆவணி பிறந்தால் மண்டபங்களுக்கு இடைவேளை கிடையாது. முதல் ஓலை வாசித்த வாரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா உங்கள் கடைப்படி ஏறுவார். ஃபேஷியல், த்ரெட்டிங், சேலை மடிப்பு எல்லாம் பேசி முடித்தபிறகு, குரலைத் தாழ்த்திக் கடைசியாக ஒன்று கேட்பார்: "கெட்டுக்குள்ள பிள்ளை கொஞ்சம் வெளுக்குமா?" (கெட்டு என்றால் கல்யாணம்.) அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சில கடைகளில் கீழ் டிராயரிலிருந்து ஒரு டப்பா வெளியே வருகிறது. லேபிள் இருக்காது, இருந்தாலும் நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கும். இந்த மடல் அந்த டப்பாவைப் பற்றியது. கூடவே ஊசி, மரப்புக் கிரீம், முடி நேராக்கும் கிரீம் பற்றியும் கொஞ்சம். எழுதுகிற நாங்கள் இதே வட்டாரத்தில் மருந்துக்கடையிலும் லேபிலும் தோல், சிறுநீரக வார்டுகளிலும் வேலை பார்ப்பவர்கள்.

வெளுப்பு வேண்டும் என்ற ஆசையை நீங்கள் உண்டாக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். "நல்ல பிள்ளைதான், நிறம்தான் லேசா குறைவு" என்று தரகர் இழுத்தால், மிச்ச வாக்கியத்தைப் பவனில்தான் முடிப்பார். நிறம் குறைந்தால் நகை கூடும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் பேச்சு அந்த விலைப்பட்டியலில்தான் நடக்கிறது. பத்து பவன் கூடப் போட வேண்டிவருமோ என்று பயப்படுகிற அம்மாவுக்கு உங்கள் ஐயாயிரம் ரூபாய் பேக்கேஜ் செலவாகத் தெரியாது, மிச்சமாகத்தான் தெரியும். அதனால்தான் "வேண்டாம் அக்கா" என்று ஒருதரம் சொன்னால் அவர் கேட்பதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் உங்களுக்கு இருப்பதும் நியாயம். ஆகவே அவரிடம் என்ன சொல்லலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. தோலின் நிறமியான மெலனின், மேல்தோலின் அடிவரிசையில் உண்டாகிறது. அங்கே பிறக்கும் செல் மேலே வந்து உதிர இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். நேர்மையான எந்த மருந்தும் இந்த வேகத்தை மீற முடியாது. வெயில் பட்டுக் கறுத்த கன்னமோ மங்கு படிந்த இடமோ டாக்டர் தரும் மருந்தில் தெளியவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பிறவி நிறத்தை எந்த மருந்தும் நிரந்தரமாக மாற்றாது. அப்படியிருக்க, ஐந்து நாளிலும் ஏழு நாளிலும் முகம் பளிச்சென்று வெளுத்தால் அதில் மூன்றில் ஒன்று இருக்கிறது: பாதரசம், ஸ்டீராய்டு, இல்லாவிட்டால் மேலாக நிறத்தை எரிக்கிற ப்ளீச். வேகம்தான் இந்த டப்பாவின் விளம்பரம். எங்களுக்கு அதே வேகம்தான் அதன் லேப் ரிப்போர்ட்.

பாதரசத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியின் வேலையை நிறுத்துகிறது, அதனால் வெளுப்பு நிஜமாகவே வருகிறது. "என் கஸ்டமருக்கு ரிசல்ட் இருக்கு" என்று நீங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் தடவிய பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாகவும் மயிர்க்கால் வழியாகவும் இரத்தத்தில் இறங்கி, போய்ச் சேருமிடம் சிறுநீரகம்.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணுக்கு இடுபவை தவிர மற்ற அழகுப்பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் 1 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் கூடி அந்த ஒரு பிபிஎம் சலுகையையும் நீக்க முடிவு செய்தன, நம் நாடும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. இனி கேரளக் கணக்கைப் பாருங்கள். அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற சோதனையைத் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டத்தில் எடுத்த லிப்ஸ்டிக், முகக்கிரீம் மாதிரிகளில் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025 ஜனவரியில் அந்த மாநில சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார். 12,000 பிபிஎம் என்றால் நூற்றுக்கு 1.2 பங்கு. 30 கிராம் டப்பா ஒன்றில் 360 மில்லிகிராம். சட்டப்படி அதே டப்பாவில் இருக்கக்கூடிய உச்சம் 0.03 மில்லிகிராம். காலையில் ஒரு கிராம், இரவில் ஒரு கிராம் என்று தடவினால் தினம் 24 மில்லிகிராம் பாதரசம் முகத்தில் ஏறும்.

இதன் விளைவை மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் கண்டார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு 'நெல்-1' என்ற, சாதாரணமாக அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருமுன் வெளுப்புக் கிரீம் தடவியவர்கள். கோட்டக்கல் நமக்குத் தூரம்தான், ஆனால் வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் டப்பாவுக்கும் கூரியரில் வரும் டப்பாவுக்கும் மலப்புறம், மார்த்தாண்டம் என்ற வித்தியாசம் தெரியாது.

இந்த நோயில் நடப்பது இது: சிறுநீரகத்தின் வடிகட்டி, தேயிலை வடிகட்டியின் வலை விரிந்துபோனதுபோல ஆகி, இரத்தத்தில் நிற்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனால் உடம்பு வீங்கும். காலையில் கண் இமை தடித்திருக்கும், சாயங்காலம் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் மறையாது, சிறுநீரில் நுரை வந்து வெகுநேரம் அடங்காது. மோதிரம் இறுகும். ஓரிரு வாரத்தில் எடை மூன்று நான்கு கிலோ ஏறும். "கல்யாணக் களை, பூசினாப்போல ஆயிருக்கா" என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கவனிக்காமல் விட்டால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையலாம், அது நுரையீரலுக்கும் போகலாம்.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்து லேபுக்குப் போனாலும் "கிட்னி டெஸ்ட்" என்று கேட்டு கிரியாட்டினின் என்ற இரத்தச் சோதனையை மட்டும் பார்த்துவிட்டு, "நார்மல்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த நோயில் தொடக்கத்தில் கிரியாட்டினினும் பிரஷரும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பார்க்க வேண்டியது சிறுநீரில் அல்புமின். குச்சி வைத்துப் பார்க்கும் சாதாரண யூரின் சோதனையே முதல் படிக்குப் போதும். அதில் ஒரு பிளஸ்ஸோ அதற்கு மேலோ வந்தால் புரதம்-கிரியாட்டினின் விகிதம், இரத்த அல்புமின், பிறகு சிறுநீரக மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் சோதனை நடக்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறவர்கள் டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அது இல்லாவிட்டால் டாக்டர் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். நல்ல செய்தி, டப்பாவை நிறுத்தினாலே பலருக்குச் சில மாதங்களில் புரதம் ஒழுகுவது குறைந்துவிடுகிறது. பாதரசத்தை "இறக்குகிறேன்" என்று நாட்டு மருந்தோ யூடியூப் டீடாக்ஸோ எடுக்க வேண்டாம்.

மணப்பெண் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு டப்பா தொடங்குகிறது, கல்யாணம் கழிந்து ஓரிரு மாதத்தில் பலர் கர்ப்பம் ஆகிறார்கள். பாதரசம் உடம்பைவிட்டு வெளியேற மாதக்கணக்கில் ஆகும், நஞ்சுக்கொடியையும் தாண்டும். இரவுக் கிரீமில் சேர்க்கும் ட்ரெட்டினாயினையும் ஹைட்ரோகுவினோனையும் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்வார்கள். "கெட்டுவரை மட்டும்தான்" என்பது இதனால் சமாதானம் ஆகாது.

தடவாதவருக்கும் பாதரசம் போய்ச் சேரும். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் 2010இல் இப்படிப்பட்ட கிரீம் தடவிய குடும்பங்களைச் சோதித்தபோது, ஒருநாளும் தடவாத வீட்டாரின் சிறுநீரிலும் கூடுதல் பாதரசம் இருந்தது. துவாலை, தலையணை உறை, தடவிய கையால் தூக்கிய குழந்தை, இவையெல்லாம் வழி. இதை உங்கள் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் தன் முகத்தில் மட்டும் தடவுகிறார். நீங்கள் ஒரு நாளில் நான்கு முகங்களுக்கு வெறுங்கையால் தடவுகிறீர்கள், ஏசி போட்டு அடைத்த அறையில், வருஷம் முழுக்க.

எப்படி அடையாளம் காண்பது? டப்பா மூடியிலோ உள்ளே இருக்கும் சீட்டிலோ "வெள்ளி, தங்கம், அலுமினியம், ரப்பர் மீது படக்கூடாது", "நகையைக் கழற்றிவிட்டுத் தடவவும்" என்று எழுதியிருந்தால் அது பாதரசத்தின் கையெழுத்து. இந்த உலோகங்களோடு அது வினைபுரியும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. சாதாரண மாய்ஸ்சரைசருக்கு தங்கத்தோடு என்ன பகை? வெளிச்சத்தில் திறந்து வைத்தால் சாம்பல் நிறமோ பச்சை சாயலோ ஏறுவதும், சேர்மானப் பட்டியலில் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்குரி என்ற பெயர்கள் வருவதும் அதே அர்த்தம்தான். பட்டியலே இல்லாத டப்பா இதைவிட மோசம். நிறமும் மணமும் சுத்தமாக இருப்பதால் பாதரசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதை லேப்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, கடையிலேயே குழைக்கிற 'ஃபார்முலா கிரீம்'. மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு மூன்று ட்யூபை வெள்ளை க்ரீம் பேஸில் கலந்து டப்பாவில் அடைப்பது. ட்யூபில் இருப்பது பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும். முதல் இரண்டு வாரம் முகம் அழகாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு இரத்தக்குழாயைச் சுருக்குவதால் வெளுத்துத் தெரியும், பரு அடங்கும், தோல் வழவழக்கும். ஆறு எட்டு வாரத்தில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூல் ஓடும். வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பரு வரும், மோவாயில் முடி கூடும். வெயிலில் இறங்கினால் எரியும். பயந்து நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் முகம் தீப்பிடித்ததுபோல் சிவந்து எரியும். மறுபடி தடவினால் அடங்கும். வாடிக்கையாளர் இதை "அந்தக் கிரீம்தான் எனக்குச் சேருது" என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உங்களிடம் வருவார். வியாபாரத்துக்கு இதைவிட நல்ல வலை கிடையாது, அதுதான் இதில் அசிங்கம்.

இதே மூன்று மருந்துச் சேர்க்கையைத் தோல் டாக்டரும் மங்குக்கு எழுதுகிறாரே என்று கேட்பீர்கள். எழுதுகிறார். அளவைப் பாருங்கள்: இரவில் ஒருமுறை, மங்கு உள்ள இடத்தில் மட்டும், பொதுவாக எட்டு வாரத்துக்குள், இடையில் நேரில் பார்த்து. பார்லர் டப்பா முகம், கழுத்து முழுக்கப் போகிறது. விரல் நுனிக் கணக்கில் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்கு ஏறக்குறைய 1.25 கிராம் ஆகும். தினம் இருமுறை என்றால் மாதம் 75 கிராம். ஹைட்ரோகுவினோனை மாதக்கணக்கில் அப்படிப் பூசினால் சிலருக்கு ஓக்ரனோசிஸ் வரும், கன்ன எலும்பின் மேல் நீலமும் கறுப்புமாகத் திட்டு. அதைப் போக்க நம்பகமான வழி இல்லை. வெளுக்க வந்தவர் அதுவரை இல்லாத கறுப்போடு போவார். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது: படர்தாமரை இருக்கும் முகத்தில் இந்தக் கலவை பட்டால் அரிப்பு அடங்கி, பூஞ்சை மட்டும் உருமாறிப் பரவும். அதே துவாலை அடுத்த ஆளின் முகத்துக்குப் போகும்.

ஸ்டீராய்டுத் தோல் மருந்துகள் 2018 முதல் 'அட்டவணை எச்' என்ற பட்டியலில் இருக்கின்றன, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருந்துக்கடைக்காரர் உங்களுக்கு டஜன் கணக்கில் ட்யூப் தருகிறார் என்றால் அவரும் சட்டத்தை மீறுகிறார். இந்த வரியை எங்கள் ஆட்களும் வாசிக்கட்டும். ஏற்கனவே மாதக்கணக்கில் தடவுகிறவரிடம் "இன்றே நிறுத்து" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்த எரிச்சலைத் தாங்காமல் அவர் வேறு கடையில் அதையே வாங்குவார். எரிச்சலும் சிவப்பும் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். பாதரச டப்பாவுக்கு இந்த யோசனையே வேண்டாம், அதை அன்றே நிறுத்தலாம்.

ஊசி விஷயத்தில் எங்கள் பேச்சு குறுகியது. குளூட்டாதயோன் ட்ரிப் பார்லரில் போடக் கூடாது, வீட்டில் வந்து போடும் நர்ஸ் கையாலும் கூடாது. தோலை வெளுக்க வைக்கும் ஊசி எதற்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்ததில்லை, பிலிப்பைன்ஸ் மருந்துத் துறை இதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. கூடச் சேர்க்கும் அதிக அளவு வைட்டமின் சி, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தனக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலோர்க்குத் தெரியவே தெரியாது. ஒவ்வாமையில் மூச்சு அடைத்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் அரை மில்லிகிராம் உடனே போட வேண்டும். அதுவும் ஆக்சிஜனும் டாக்டரும் இல்லாத அறையில் ட்ரிப் ஸ்டாண்டுக்கு என்ன வேலை?

லேசர் முடி நீக்கம் செய்கிறவர்கள் மரப்புக் கிரீமில் கவனம் வைக்க வேண்டும். மேலாகப் பூசுவதுதானே என்று இரண்டு காலுக்கும் லிடோகெயின் பூசி, ஊடுருவட்டும் என்று பிளாஸ்டிக் தாள் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றிய இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்தபிறகு 2007இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. பரப்பு, கனம், நேரம், சூடு, மூடாக்கு, இந்த ஐந்தும் கூடக்கூட மருந்து இரத்தத்தில் ஏறும். நாக்கு மரத்தல், காதில் இரைச்சல், உளறல், வலிப்பு, இதயம் தப்பித் துடித்தல் என்ற வரிசையில் போகும்.

மாப்பிள்ளைப் பையன்கள் போகும் முடி நடவில் போடுவதும் இதே மருந்தின் ஊசி வடிவம்தான். லிடோகெயின் தனியாக என்றால் உடம்பு எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், அட்ரினலின் சேர்த்தது என்றால் 7. அறுபது கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்தில் தனியாக 13.5 மில்லி, அட்ரினலினோடு 21 மில்லி, அவ்வளவுதான் எல்லை. மணிக்கணக்கில் நடக்கும் நடவில் "வலிக்குது" என்னும்போதெல்லாம் எண்ணாமல் ஏற்றினால் அந்த எல்லை தாண்டிவிடும். சென்னையில் 2016இல் முடி நடவு செய்துகொண்ட இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார், படித்தவர் என்பது அங்கே உதவவில்லை. யூடியூப் பார்த்தும் பயிலரங்கில் எட்டிப் பார்த்தும் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கமிஷனுக்காகப் பையன்களை அனுப்பும் சலூன்கள் இதையாவது கேட்டுவிட்டு அனுப்புங்கள்: ஊசி போடுவது யார், எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வைப்பது யார்?

முடி நேராக்கும் கிரீமில் 'ஃபார்மலின் இல்லை' என்று போட்டிருந்தால் பலர் நிம்மதியடைகிறார்கள். அதற்குப் பதிலாகச் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 2020, 2021, 2022 என்று மூன்று முறை இந்தச் சிகிச்சை செய்த 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் எழுதினார்கள். கிரீமில் அந்த அமிலம் 10 சதவீதம். தலைத்தோல் வழியாக ஏறி, ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைக்கிறது. செய்த அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ வாந்தி, முதுகுவலி, தலைத்தோல் எரிச்சல் என்று போன் வந்தால் "சூடு பிடிச்சிருக்கும், இளநீ குடி" என்று சொல்லாமல் கிரியாட்டினின் பார்க்க அனுப்புங்கள். இங்கே அந்தச் சோதனைதான் பேசும்.

இனி எல்லைத் தகராறு. அழகுப்பொருளைச் சில்லறையில் விற்க நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. தயாரிக்க லைசென்ஸும் இறக்குமதிக்குப் பதிவுச் சான்றும்தான் தேவை. இந்த ஓட்டையில்தான் டப்பா நுழைகிறது. பாறசாலையில் கேரள இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தால் சரக்கு களியக்காவிளைக்கு வந்துவிடும், இங்கே வந்தால் அங்கே போகும், நடுவில் நடந்து கடக்கிற தூரம். இரு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினரும் ஒரே நாளில் ரோட்டின் இரு பக்கமும் மாதிரி எடுக்க வேண்டும் என்று இதன் வழியே அவர்களிடமும் கேட்கிறோம். அதுவரை உங்கள் காவல் உங்கள் கையில். டப்பாவில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு டப்பாவும் வேண்டாம். மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 18ஏ பிரிவில், யாரிடம் வாங்கினாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் சொல்லியாக வேண்டும். பில் இல்லாவிட்டால் கடைசியாக நிற்பது நீங்கள்தான், ஸ்கூட்டியில் கொண்டுவந்து போட்ட பையன் அந்நேரம் போனை எடுக்க மாட்டான்.

அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. தான் வாங்கிய அழகுப்பொருளை யார் வேண்டுமானாலும் உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதனை அறிக்கை பெறலாம். பார்லர்காரர்கள் பத்துப்பேர் சேர்ந்து, இங்கே அதிகம் ஓடுகிற மூன்று டப்பாவை அனுப்பினால் போதும். எங்கள் சொல்லை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போகும்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று எழுதுவதாகச் சொன்னோம். "வெளுக்காது" என்று தொடங்காதீர்கள், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். "மூணு மாசம் இருக்கா? வெயில்ல கறுத்ததைத் தெளிய வைக்கலாம்" என்று தொடங்குங்கள். அது உண்மை, உங்களால் முடிவதும்கூட. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்து, வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருதரம். பெரும்பாலோர் தடவுவது இதில் கால்வாசியோ பாதியோதான், அதனால்தான் "சன்ஸ்கிரீன் பிடிக்கல" என்கிறார்கள். மங்கு உள்ளவருக்கு அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன், ஏனென்றால் மங்கைக் கறுப்பிப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் வரும் பிள்ளைக்குக் குடையும் துப்பட்டாவும் எந்த சீரத்தையும்விட மேல். தலைச்சாயம் என்றால் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்தபிறகே. கல்யாணத்துக்கு முந்தின இரண்டு வாரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம், கடைசி ஃபேஷியல் ஐந்தாறு நாள் முன்பே முடியட்டும்.

மேக்கப் ஆர்ட்டிஸ்டுகளிடம் தனியாக ஒன்று. மணப்பெண்ணின் தோலைவிட இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷனைப் போட்டுக் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக மேடையேற்றுவதை நிறுத்துங்கள். தாடை ஓரத்தில் மூன்று ஷேடு தீற்றி, பகல் வெளிச்சத்தில் எது மறைகிறதோ அதை எடுங்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'முன்', 'பின்' என்று போடும் படத்தில் 'முன்' கறுப்பாகவும் 'பின்' வெளுப்பாகவும் இருக்கும்வரை, டப்பாவுக்கு இலவச விளம்பரம் அதுதான். ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரையே அந்தப் பெரிய கம்பெனி 2020இல் மாற்றிக்கொண்டது. நம் டப்பாவுக்கு மாற்றப் பெயரே இல்லை.

இப்போது கடையில் இருக்கும் சரக்கை என்ன செய்வது என்றால், கழிவறையில் கொட்ட வேண்டாம், குப்பையில் போட்டு எரிக்கவும் வேண்டாம். எரித்தால் பாதரசம் ஆவியாகி நீங்களே மூச்சில் இழுப்பீர்கள். கையுறை போட்டு, மூடிய டப்பாவை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, 'பாதரசச் சந்தேகம்' என்று எழுதி, மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்து ஏற்பு ரசீது வாங்குங்கள். தடவப் பயன்படுத்திய துவாலை, பஞ்சு, பிரஷ்களும் அதே உறையில். பிறகு உங்கள் போனில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் யார்யாருக்கு டப்பா கொடுத்தீர்களோ, அவர்களைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொல்லுங்கள்: தடவுவதை நிறுத்து, இந்த வாரமே ஒரு யூரின் அல்புமின் பார். கல்யாணம் கழிந்து வேறு ஊர் போனவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
களியக்காவிளை – குழித்துறை வட்டாரத்து மருந்தாளுநர்கள், லேப் ஊழியர்கள், செவிலியர்கள் சிலர்